சுவர்ப் பக்கம் திரும்பிய மணி

அத்தியாயம் ஒன்பது

போன வாரம் சின்னவளைத் திருப்புளியும் கையுமாக ஹாலில் நிறுத்திவிட்டு வந்தோம். அவள் இன்னும் அங்கேயேதான் நிற்கிறாள். சுவரில் மாட்டியிருக்கும் பழைய மரப்பெட்டி டெலிபோனின் கதவு திறந்து கிடக்கிறது. அவள் தலை பாதி அதற்குள் இருக்கிறது.

வாராவாரம் படிப்பவர்கள் அடுத்த சில பத்திகளைத் தாண்டிக்கொண்டு போனால் ஒன்றும் கெட்டுவிடாது. மற்றவர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடலாம்.

சந்துக் கோடியில் இருந்த மர அறுவை மில் இந்தக் குடும்பத்துடையது. மில்லுக்கும் வீட்டுக்கும் நடுவே தனியாக ஒரு கம்பி இழுத்து, அந்தப் பக்கம் ஒரு பெட்டி, இந்தப் பக்கம் ஒரு பெட்டி என்று ஜோடியாக மாட்டியிருந்தார்கள். பக்கவாட்டில் இருக்கும் கைப்பிடியை யார் சுற்றினாலும் இரண்டு பெட்டியிலும் மணி அடிக்கும்.

சின்னவள் தொட்டிலில் கிடந்த காலம் அது. மில்லுக்கு விடுமுறை விட்டிருந்த ஒரு நாள் மத்தியானம், அவளுடைய அண்ணன் பெரியவன் அங்கே ஒரு பெரிய கட்டைக்கு அடியில் சிக்கிச் செத்துப்போனான். மீசை அரும்புகிற வயசு. ஆட்கள் ஓடிப் பார்த்தபோது மில் பெட்டியின் ரிசீவர் கொக்கியை விட்டு இறங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டைக் கூப்பிட்டிருக்கிறான் என்று எல்லோருக்கும் புரிந்தது.

வீட்டில் ஏன் யாரும் எடுக்கவில்லை? அப்பா தானாகவே முன்வந்து சொன்னார். ஹாலில் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தேன், மணி அடித்தது, டீ அனுப்பச் சொல்லத்தான் கூப்பிடுகிறான் என்று எழுந்திருக்காமல் இருந்துவிட்டேன், அப்புறம் மனசு கேட்காமல் போய்ப் பார்த்தேன் என்றார். சொந்தக்காரர்கள் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

அன்றைக்கு அம்மா அவரோடு பேச்சை நிறுத்தினாள். அன்று சாயங்காலமே அப்பா இந்தப் பெட்டியின் கைப்பிடி, ரிசீவர், பேசுகிற குழல் மூன்றையும் பிடுங்கி எங்கேயோ கொண்டுபோய் எறிந்துவிட்டு வந்தார். மிச்சப் பெட்டி மூளியாகச் சுவரிலேயே நின்றுவிட்டது. யாரும் அதைத் தொடக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். சட்டத்தை யாரும் மீறவும் இல்லை.

போன மாசம் மில்லை விற்றார்கள். நாளெல்லாம் காதைக் குடைந்துகொண்டிருந்த ரம்பச் சத்தம் நின்றுபோனது. மத்தியானங்கள் அமைதியாயின. அப்போதுதான் அம்மா சொல்ல ஆரம்பித்தாள், ஃபோன் கூப்பிடுகிறது என்று.

கம்பி அறுந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. கையும் இல்லாமல் வாயும் இல்லாமல் நிற்கிற பெட்டி எப்படிக் கூப்பிடும்? சின்னவள் கேட்டுப் பார்த்தாள். எப்படியென்றெல்லாம் தனக்குத் தெரியாது, நீ அதைச் சரிபண்ணு என்று அம்மா முடித்துவிட்டாள்.

சின்னவளுக்குப் பிழைப்பே அதுதான். கடைத்தெருவில் சின்னதாக ஒரு கடை. கடிகாரம், ரேடியோ, தையல் மிஷின் என்று பழசு எது வந்தாலும் பிரித்து மாட்டிக் கொடுப்பாள். பெட்டியை முழுசாக்கிக் காட்டினால் இது வெறும் மரமும் இரும்பும்தான் என்று அம்மாவுக்கு விளங்கும், பயம் தெளியும் என்று அவள் கணக்குப் போட்டாள். படித்த பிள்ளைகள் போடுகிற கணக்கெல்லாம் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும்.

இனி இன்றைய காலைக்கு வருவோம்.

ரிசீவரும் குழலும் போன வாரமே பழைய சாமான்காரரிடம் கிடைத்துவிட்டன. குழலின் விளிம்பில் மட்டும் ஒரு சின்ன உடைசல். கைப்பிடிதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. கிடைத்தது வேறு கம்பெனிப் பெட்டியின் கைப்பிடி, மரை ஒத்துவரவில்லை. லேத் பட்டறையில் கொடுத்து, நடுவில் ஒரு பித்தளை வளையம் கடைந்து போட்டு, இன்று காலையில்தான் வாங்கி வந்தாள். வந்த வேகத்தில் அதைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துவிட்டுக் கைகழுவப் போனாள்.

திரும்பி வந்தபோது அப்பா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். கண் கைப்பிடிமேலேயே இருந்தது.

"இதை எதுக்கு இங்க கொண்டாந்து வச்ச? எடு குட்டி."

"எண்ணெய் போட்டுத் துடைச்சிருக்குப்பா. ஒட்டாது."

"எடுன்னு சொன்னேன்."

அப்பா அவளிடம் குரல் உயர்த்துகிற ஆள் இல்லை. அவள் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அம்மா சமையலறை வாசலில் நின்று, டீ ஆறுகிறது என்று அவரிடம் சொல்லச் சொன்னாள். அப்பா, ஆறட்டும் என்று சொல்லச் சொன்னார். இரண்டு பேருக்கும் நடுவில் கைக்கெட்டுகிற தூரம். இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும். சின்னவள் யாரிடமும் எதையும் சொல்லாமல் தன் தட்டைப் போட்டுக்கொண்டாள்.

பேச்சு வந்த நாளிலிருந்து இந்த வீட்டின் எக்ஸ்சேஞ்ச் அவள்தான். குழந்தை முதலில் சொன்ன முழு வாக்கியமே, அம்மா சாப்பிடக் கூப்பிடறாங்க என்பதுதான் என்று சித்தப்பா கேலி செய்வார். பள்ளிக்கூடத்தில் சுற்றுலா போய்விட்டு வந்தால், அவள் இல்லாத நாள் முழுவதும் வீட்டில் ஒரு வார்த்தை புழங்கியிருக்காது. வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் இரண்டு பக்கத்திலிருந்தும் சேர்த்துவைத்த செய்தியெல்லாம் கொட்டும். கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அவளுக்கு அப்படி இருந்ததில்லை. அப்பா செய்த ஒரு சோம்பலுக்கு அம்மா கொடுத்த தண்டனை இது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். தண்டனை அதிகம் என்று சில நாள் தோன்றும். போதாது என்று சில நாள் தோன்றும்.

அப்பா டீயைக் குடிக்காமலே எழுந்தார். போகிறபோது அவள் பக்கத்தில் நின்று, அதைக் கழற்றித் தூக்கிப் போட்டுவிடலாம், உங்கம்மா பயமும் போய்விடும், சரிபண்ணி யாருக்கு என்ன வரப்போகிறது என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். பிறகு கொல்லைப்பக்கம் இருக்கும் தகரக் கொட்டகைக்குப் போனார். மில்லை விற்ற பிறகும் நாலு பலகையை அங்கே கொண்டுவந்து போட்டுக்கொண்டு, பகலெல்லாம் இழைத்துக்கொண்டிருப்பார்.

மத்தியானம் வரைக்கும் சின்னவள் பெட்டியை விட்டு அசையவில்லை. உள்ளே பல்சக்கரத்தில் பழைய கிரீஸ் கல்லாக இறுகியிருந்தது. மண்ணெண்ணெயில் பிரஷ்ஷைத் தோய்த்துத் தோய்த்துச் சுரண்டினாள். ஒழுகிப் பூத்துப்போன பழைய பேட்டரியை எடுத்தெறிந்துவிட்டுப் புதுசு வைத்தாள். குதிரைலாடக் காந்தங்கள் மட்டும் அப்படியே இருந்தன. திருப்புளியைப் பக்கத்தில் கொண்டுபோனால் வெடுக்கென்று இழுத்தன.

சாப்பாடு முடிந்ததும் வீடு அடங்கியது.

ரம்பம் ஓடிய காலத்தில் இந்த நேரம் இப்படி இருந்ததில்லை. ஹாலின் மூலையில் அந்தச் சாய்வு நாற்காலி இன்னும் கிடக்கிறது. தூக்கிப் போடவும் இல்லை, யாரும் அதில் உட்காரவும் இல்லை. வாராவாரம் அம்மா அதைத் துடைப்பாள். ஜன்னல் வெளிச்சம் அதன் கைமேல் விழுந்து கிடந்தது. சின்னவள் அந்தப் பக்கம் பார்க்காமல் வேலை செய்தாள். பழகிய ஹால்தான், பட்டப்பகல்தான். ஆனாலும் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் இருந்தது. இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"எடு" என்று அம்மாவின் குரல் படுக்கையறையிலிருந்து வந்தது.

"என்னம்மா?"

"கூப்பிடுது. எடு."

ரிசீவரைக் கொக்கியில் மாட்டியிருந்தாளே தவிர, வயரை இன்னும் இணைக்கவில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், அம்மாவின் திருப்திக்காக ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள்.

உள்ளே ஓவென்று ஒரு இரைச்சல். காதை எதை வைத்து மூடினாலும் கேட்கிற இரைச்சல்தான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், அவள் வாய் "ஹலோ" என்றது. சொன்ன பிறகு காத்திருந்தாள். அண்ணன் குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. வந்தால்கூட அடையாளம் தெரியாதே என்ற நினைப்பு வந்ததும் உடம்பு சிலிர்த்தது. அவசரமாக ரிசீவரைத் திரும்ப மாட்டினாள்.

"யாரும் இல்லம்மா" என்றாள்.

"பேச மாட்டான்" என்றாள் அம்மா, தெரிந்த விஷயத்தைச் சொல்வதுபோல.

சின்னவள் பைக்குள் இருந்த கைப்பிடியை எடுத்து வெளியே வைத்தாள். இதற்குமேல் தாமதிக்கக் கூடாது, இன்றைக்கே இதை முடித்து, பளிச்சென்று ஒரு மணியை அடித்துக் காட்டி, இந்தப் பேச்சுக்கு ஒரு முற்றுப்புள்ளி வைத்துவிட வேண்டும் என்று மும்முரமாக வயரை இணைத்தாள். கைப்பிடியைப் பொருத்தி இறுக்கினாள். பித்தளை வளையம் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினாள்.

பல்சக்கரம் சுழன்றது. காந்தம் தன் வேலையைச் செய்தது. பெட்டியின் நெற்றியில் இருக்கும் இரண்டு மணிகளுக்கு நடுவே, மணியை அடிக்கிற சின்ன நாக்கு இடமும் வலமும் துடித்தது. ஆனால் மணி அடிக்கவில்லை. நாக்கு மணியைத் தொடவே இல்லை.

டிக் டிக் டிக் டிக் என்று வெறும் துடிப்பு மட்டும் கேட்டது.

உள்ளே ஒரு எவர்சில்வர் தம்ளர் விழுந்து உருண்டது. அம்மா வாசலில் வந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"இதுதான்" என்றாள்.

"எதும்மா?"

"இந்தச் சத்தம்தான். மத்தியானத்துல எனக்குக் கேக்கறது இதுதான்."

இது மணி அடிக்காத சத்தம், மணி அடித்தால் தெருவுக்கே கேட்கும் என்று சின்னவள் விளக்கினாள்.

"மணி அடிக்குதுன்னு நான் எப்ப சொன்னேன்? கூப்பிடுதுன்னுதானே சொன்னேன்."

உண்மைதான். ஒரு தடவைகூட அம்மா மணி என்ற வார்த்தையைச் சொன்னதில்லை. இன்னொரு தடவை சுற்றச் சொன்னாள். சின்னவள் சுற்றினாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சின்னவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடிக்காத மணியின் சத்தம் அம்மாவுக்கு எப்படித் தெரியும்? பெட்டியைத்தான் அப்பா அன்றைக்கே முடமாக்கிவிட்டாரே. அதற்கு முன்னால் எப்போதோ ஒரு நாள் அவள் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, மணிகளைக் கிட்டத்தில் பார்த்தாள்.

இந்த மாதிரி மணிகளில் ஒரு சங்கதி உண்டு. கிண்ணத்தைக் கவிழ்த்ததுபோல இருக்கும் மணியில் திருகு போகிற ஓட்டை நட்டநடுவில் இருக்காது, ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். மணியைத் திருப்பினால் அதன் விளிம்பு நாக்குக்குக் கிட்டே வரும், அல்லது எட்டப் போகும். அப்படித் திருப்பித்தான் சத்தத்தைச் சரிசெய்வார்கள். வருஷக்கணக்காக நாக்கு ஒரே இடத்தில் அடித்து அடித்து, அந்த இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருக்கும்.

பள்ளம் இருந்தது. நாக்கைப் பார்த்தபடி இருக்க வேண்டிய அந்தப் பள்ளம், இரண்டு மணியிலும், சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது.

யாரோ இரண்டு மணியையும் கழற்றிவிட்டு, அவசரத்தில் தப்பாக மாட்டியிருக்கிறார்கள். எப்போது? திருகின் தலையைச் சுற்றிப் பச்சைக் களிம்பு பிடித்து மணியோடு ஒட்டிப்போயிருந்தது. அவள் பிறந்த காலத்துக் களிம்பு. அதன் பிறகு யாரும் தொடவில்லை. திருகின் வெட்டைப் பார்த்தாள். பெட்டியின் மற்ற திருகுகளெல்லாம் கூர் மழுங்காமல் இருக்க, இந்த இரண்டில் மட்டும் வெட்டு தேய்ந்து அகண்டிருந்தது. ஒரு தடவை இரண்டு தடவையில் இப்படித் தேயாது. தினமும் கழற்றி மாட்டிய திருகு அது.

அவளுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. மணி இப்படி இருந்தால் அன்றைக்கு அடித்திருக்க முடியாது. கழற்றி வைத்திருந்தால் நிச்சயமாக அடித்திருக்க முடியாது. அடிக்காத மணியை அப்பா எப்படிக் கேட்டார்?

ஸ்டூலிலிருந்து இறங்கி நேராகக் கொட்டகைக்குப் போனாள்.

அப்பா இழைப்புளியைப் பலகைமேல் ஓட்டிக்கொண்டிருந்தார். சுற்றிலும் மரச்சீவல் சுருள் சுருளாகக் கிடந்தது. அவள் வந்து நின்ற விதத்தைப் பார்த்ததும் கையை நிறுத்தினார்.

"அப்பா, அன்னைக்கு மணி அடிக்கலை."

"அடிச்சுது."

"அடிச்சிருக்க முடியாதுப்பா. ரெண்டு மணியும் சுவத்தைப் பாத்துத் திரும்பியிருக்கு. யாரோ கழட்டி வச்சிருந்ததை நீங்க அப்புறம் மாட்டியிருக்கீங்க."

அவர் மறுக்கவில்லை. இழைப்புளியைக் கீழே வைத்தார். உட்கார இடம் தேடி, பலகைமேலேயே உட்கார்ந்தார். வீட்டுப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு தணிந்த குரலில், விட்டு விட்டு, சொல்ல ஆரம்பித்தார்.

தொட்டிலில் சின்னவள் பொல்லாத குழந்தை. பூனை நடந்தால்கூட முழித்துக்கொள்வாள். மில்லிலிருந்து யாராவது கைப்பிடியைச் சுற்றினால் போதும், அலறி எழுந்து, அப்புறம் சாயங்காலம் வரை வீட்டை இரண்டாக்கிவிடுவாள். அதனால் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். தினமும் மத்தியானம் குழந்தையைத் தொட்டிலில் போடுவதற்கு முன்னால் இரண்டு மணியையும் கழற்றி, பெட்டிக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் எழுதுபலகையில் வைத்துவிடுவாள். குழந்தை எழுந்ததும் திரும்ப மாட்டுவாள். வீட்டில் மற்றவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். அவ்வளவுதான்.

"அன்னைக்கும் கழட்டி வச்சிருந்தா. நான் சாயங்காலம் வந்து பாக்கறேன், மணி பலகைமேல கிடக்கு. வீடு முழுக்க ஆளு. எவன் கண்ணுலயாவது பட்டா, பெத்தவளே பிள்ளை கூப்பிட்டதைக் கேக்க விடாம பண்ணிட்டான்னு சொல்லுவாங்க. இல்லயா? ரெண்டையும் எடுத்து மாட்டினேன். அவசரம். எது எந்தப் பக்கம்னு எவன் பாத்தான்."

மணியை மாட்டிய பிறகு, அது அடித்திருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. அடித்திருந்தால் யாரோ அதைக் கேட்டிருக்க வேண்டும். அந்த யாரோவாக அவரே ஆகிக்கொண்டார். பெட்டியை யாரும் சோதித்துப் பார்க்கக் கூடாது என்று மற்றதைப் பிடுங்கி எறிந்தார்.

"அம்மாவுக்கு இது..."

"தெரியாது. திரும்ப மாட்டிட்டதாத்தான் நினைச்சுக்கிட்டிருக்கா. அந்தக் கலவரத்துல அவளுக்கு எங்க ஞாபகம் இருக்கும். அப்படியே இருந்துட்டுப் போகட்டும் குட்டி. என்மேல கோவமா இருக்கறவரைக்கும் அவ உசுரோட இருப்பா. பழி தன்மேலன்னு தெரிஞ்சா இருக்க மாட்டா."

சின்னவள் அழுதாள். அடக்கவெல்லாம் முயலவில்லை. இத்தனை வருஷம் இந்த மனிதரைப் பார்த்து எத்தனை தடவை மனசுக்குள் சோம்பேறி என்று திட்டியிருக்கிறாள். அதைவிடப் பெரிதாக இன்னொன்று இருந்தது. தன் தூக்கத்துக்காகக் கழற்றிய மணி. தான் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்த அந்த மத்தியானத்தில் அண்ணன் கூப்பிட்டிருக்கிறான். அவள்மேல் ஒரு குற்றமும் இல்லைதான். ஆனாலும் அது அவளைச் சும்மா விடப்போவதில்லை.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்று அங்கே பாக்கி இருந்தது. அழுகிற நேரத்தில் அவளுக்கு அது தோன்றவில்லை. வாசகர்களில் யாருக்காவது தோன்றியிருந்தால், அவர்கள் கெட்டிக்காரர்கள்.

அப்பா அவளிடம் ஒரே ஒரு உதவி கேட்டார். மணியைச் சரியாகத் திருப்பி வைத்துவிடு. நன்றாக அடிக்கட்டும். பழைய கிரீஸால்தான் அடிக்கவில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிடு. அவ்வளவுதான், வேறெதுவும் வேண்டாம் என்றார்.

அம்மாவிடம் உண்மையைச் சொன்னால் இந்த வயசில் அவளைக் கொன்றதுபோல் ஆகும். சொல்லாமல் விட்டால் அப்பா பழியோடேயே போய்ச் சேர்வார். இரண்டில் எது பாவம் என்று யாரைக் கேட்பது? சின்னவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். பின்னாலேயே அப்பாவும் வந்தார். அந்தப் பெட்டிக்கு அவ்வளவு கிட்டத்தில் அவர் வந்து நின்று அவள் பார்த்ததே இல்லை.

ஸ்டூலில் ஏறினாள். முதல் திருகைத் தளர்த்தினாள். களிம்பு பொடியாக உதிர்ந்தது. மணியைத் திருப்பி, பள்ளத்தை நாக்குக்கு நேராகக் கொண்டுவந்தாள். அப்பா பக்கம் நின்றுவிடுவது என்று அவள் முடிவு செய்துவிட்டாள் என்றுதான் அர்த்தம்.

படுக்கையறைக் கதவு திறந்தது.

அம்மா தலையை வாரி, முகம் கழுவி, எங்கோ வெளியே கிளம்புகிறவள் மாதிரி வந்து நின்றாள். ஸ்டூலில் இருந்தவளைப் பார்க்கவில்லை.

"உக்காருங்க" என்றாள்.

அப்பா திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"உங்களைத்தான். உக்காருங்க."

அவர் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். சின்னவளுக்குத் திருப்புளி கையிலிருந்து நழுவப் பார்த்தது. தன் வாழ்நாளில் முதல் தடவையாக இந்த வீட்டில் ஒரு வார்த்தை அவள் வழியாகப் போகாமல் நேராகப் போயிருக்கிறது.

"மணியைக் கழட்டினது நான். அது எனக்குத் தெரியும்" என்றாள் அம்மா. "நான் மில்லுக்கு ஓடும்போது அது பலகைமேல இருந்துச்சு. திரும்பி வந்தப்ப பெட்டியில இருந்துச்சு. நான் மாட்டலை. வேற யாரு மாட்டியிருப்பா?"

அப்பா பெட்டியை நிமிர்ந்து பார்த்தார்.

"என் பழியை நீங்க எடுத்துக்கிட்டீங்க. நானும் குடுத்துட்டேன். உங்களை அத்தனை பேர் அத்தனை பேச்சு பேசினாங்க, நான் ஒரு ஓரமா உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தேன். அந்த வெக்கத்துக்கு அப்புறம் உங்க முகத்தைப் பாத்து என்னன்னு பேசறது? கோவம்னு நினைச்சீங்க. நினைச்சுக்கட்டும்னு விட்டேன்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சின்னவள் இறங்கப் பார்த்தாள். வேண்டாம், நீ அங்கேயே இரு என்று அம்மா கையைக் காட்டினாள்.

"நானா சொல்ல வாய் வரலை. இவ கையால பெட்டி திறந்தா அதுவே சொல்லிடும்னுதான் சரிபண்ணச் சொன்னேன். இன்னைக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டதும் இதுக்கு மேல என்னால முடியலை."

"அது உனக்கு எப்படித் தெரியும்? அந்தச் சத்தம்?" அப்பா கேட்டார். அவரும் நேராகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு அவரே திகைத்துப்போனார்.

"நான் தூங்கலை. இவளைத் தட்டிக்கிட்டு முழிச்சுத்தான் இருந்தேன். டிக் டிக்குன்னு ஹால்ல கேட்டுச்சு. விடாம கேட்டுச்சு. பல்லின்னு நினைச்சேன். நின்னுபோன அப்புறம் எழுந்து வந்து, இந்தச் சுவத்துல பல்லியைத் தேடினேன்."

இதைச் சொல்லும்போது அவள் குரல் உடையவில்லை. அழுதுதீர்ந்த குரல் அது. சின்னவளால்தான் தாங்க முடியவில்லை, ஸ்டூல்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப பாத்தேன். நாற்காலி காலியா கிடந்துச்சு. அதுல யாரும் படுத்திருந்த அடையாளமே இல்லை. வீட்ல நானும் இவளும் மட்டும்தான் இருந்தோம்." அம்மா ஒரு அடி முன்னால் வந்தாள். "என்னைக் காப்பாத்தத்தான் வீட்ல இருந்ததா சொன்னீங்க. சரி. ஆனா ஒரு மனுஷன் எங்கயோ ஒரு இடத்துல இருந்திருக்கணுமே. இத்தனை வருஷமா நான் கேக்க நினைச்சது இது ஒண்ணுதான். நீங்க அன்னைக்கு எங்க இருந்தீங்க?"

அப்பா தன் வலது கையைத் திருப்பி, உள்ளங்கையைப் பார்த்தார்.

"மில்லுல" என்றார்.

அம்மா அசையவில்லை.

"அவன் கூப்பிடலை. அவனால கை நீட்ட முடியலை. கைப்பிடியைச் சுத்தினது நான். ஒரு தோள்ல கட்டையைத் தாங்கிக்கிட்டு, இன்னொரு கையால சுத்தினேன். விட்டா கட்டை அவன்மேல இறங்கும். யாராவது எடுங்க, யாராவது எடுங்கன்னு சுத்திக்கிட்டே இருந்தேன். அவன் என்னைப் பாத்துக்கிட்டே இருந்தான். அப்புறம் அவனே சொன்னான்."

அதற்குமேல் அவரால் முடியவில்லை. அம்மா மெதுவாகப் போய் அந்த பெஞ்சில், அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன சொன்னான்?" என்று கேட்டாள்.